லிங்க் அனுப்புங்க அக்கா! – இணையத்தில் பாடம் தேடும் பல் மருத்துவ மாணவர்கள்

இரவு பதினொன்றரை மணி. மகளிர் விடுதியின் இரண்டாம் மாடியில் ஓர் அறை. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஒரு வீடியோ ஓடுகிறது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் மெழுகுக் கட்டியிலிருந்து ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கி எடுக்கிறார். திரையில் அவருடைய கைகள் மட்டும். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்த முதலாண்டு மாணவி, லெக்ரான் கார்வர் என்ற செதுக்குக் கருவியைப் பிடித்துக்கொண்டு தன் மெழுகுக் கட்டியில் அதையே செய்து பார்க்கிறார். மடியில் விரித்த செய்தித்தாள் முழுக்க மெழுகுத் துருவல். ஐந்து முகடுகள் இருக்க வேண்டிய பல்லில் இதுவரை நான்குதான் தெரிகின்றன. வீடியோவை நிறுத்துகிறார், பின்னால் இழுக்கிறார், மறுபடி பார்க்கிறார். திரையில் இருப்பவர் அந்தப் பல்லைப் ‘பத்தொன்பதாம் எண்’ என்கிறார். மாணவியின் ரெக்கார்டு நோட்டில் அதே பல்லுக்கு எண் 36. எது சரி?

சீனியர் அக்காவுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போகிறது. பதிலாக ஆறு லிங்க் வருகின்றன.

வைத்திருக்கும் பல்லையோ ஸ்லைடையோ பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வு நெருங்கும் வாரத்தில் தமிழ்நாட்டின் எந்தப் பல் மருத்துவக் கல்லூரி விடுதிக்குப் போனாலும் இப்படி ஓர் அறையைப் பார்க்கலாம். பாடம் கிடைக்கவில்லை என்பது இன்றைய மாணவரின் பிரச்சினை இல்லை. உலகின் சிறந்த பல்கலைக்கழகங்கள் தங்கள் ஸ்லைடுகளையும் பாடநூல்களையும் வீடியோக்களையும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் எதுவும் இந்த மாணவியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்ததை நம் பாடத்திட்டத்தோடு எப்படிப் பொருத்துவது என்று சொல்லித்தரும் வேலையைக் கல்லூரிகள் கையில் எடுக்கவில்லை. அது சீனியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விடப்பட்டிருக்கிறது.

முதல் ஆண்டிலேயே முட்டும் சுவர்

பி.டி.எஸ். சேர்ந்த பிள்ளை முதல் நாளே பல்லைப் பிடித்துவிடுவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அடிப்படை அறிவியல்தான். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பல்லின் அமைப்பும் திசுவியலும் முதலாண்டில். நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், பல் மருத்துவப் பொருள்கள் இரண்டாம் ஆண்டில். எம்.பி.பி.எஸ். மாணவர் படிக்கும் அதே உடற்கூறியலைக் குறைந்த நேரத்தில் படிக்க வேண்டும்; தலை, கழுத்துப் பகுதியை மட்டும் அவர்கள் அளவுக்கு ஆழமாகப் படிக்க வேண்டும். எங்கே மேலோட்டம், எங்கே ஆழம் என்று பிரித்துக் காட்டும் இணையப் பாடம் அரிது. பொது மருத்துவ மாணவருக்கான வீடியோ தொடையின் தசைகளுக்கு ஒரு மணி நேரம் தரும். மெல்லும் தசைகளைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடும். பல் மருத்துவ மாணவருக்குத் தேவை இதற்கு நேர் எதிர்.

◆ பெட்டி: எண்களில் பி.டி.எஸ்.

நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சிப் பணி. 2007ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி முதலாண்டு உடற்கூறியலுக்கு விரிவுரை 100 மணி நேரம், செய்முறை 175 மணி நேரம். தேர்ச்சிக்கு எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு. வருகைப்பதிவு 75 விழுக்காடு. சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் முதலாண்டுப் பாடங்கள் அனைத்தையும் முடிக்காதவர் படிப்பிலிருந்து வெளியேற வேண்டும். முதுகலை நுழைவுக்கான நீட் எம்.டி.எஸ். தேர்வின் 240 கேள்விகளில் 100 கேள்விகள் இந்த அடிப்படைப் பாடங்கள் அடங்கிய முதல் பகுதியிலிருந்து.

மூன்று ஆண்டு விதியை இன்னொரு முறை படியுங்கள். முதலாண்டில் தவறான இடத்தில் நேரத்தைச் செலவிட்ட பிள்ளைக்குப் போவது மதிப்பெண் மட்டுமல்ல, இடமே போய்விடலாம்.

அங்கே 14, இங்கே 26

விடுதி மாணவியின் குழப்பத்துக்கு வருவோம். இரண்டு எண்களும் சரிதான். அமெரிக்காவில் மேல்தாடை வலதுகோடி ஞானப்பல்லில் தொடங்கி 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுகிறார்கள். இந்தியாவில் நாம் பின்பற்றுவது உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பான எஃப்.டி.ஐ.யின் ஈரிலக்க முறை: முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி, இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல். இடது கீழ் முதல் கடைவாய்ப்பல் அங்கே 19, இங்கே 36.

இதுவரை ஆபத்தில்லை, 36 என்ற எண்ணே அமெரிக்க முறையில் கிடையாது என்பதால் மாணவர் விழித்துக்கொள்வார். ஆபத்து, இரண்டு முறையிலும் இருக்கும் எண்களில். அமெரிக்க வீடியோவில் 14 என்றால் மேல் இடது முதல் கடைவாய்ப்பல். நம் முறையில் அது 26. நம் கேஸ் ஷீட்டில் 14 என்று எழுதினால் அது மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். வாயின் எதிர்ப்பக்கம், வேறு வகைப் பல். முதலாண்டில் இது ஒரு மதிப்பெண் இழப்பு. மூன்றாம் ஆண்டில் பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மருந்தியலிலும் இதே கதை. அமெரிக்கப் பாடங்கள் மரத்துப்போகும் ஊசியைக் கார்ட்ரிட்ஜ் கணக்கில் பேசும். ஒரு கார்ட்ரிட்ஜில் சுமார் 1.8 மில்லி, 2 விழுக்காடு லிடோகெயின் என்றால் 36 மில்லிகிராம், கூடவே ஒரு லட்சத்துக்கு ஒரு பங்கு அட்ரினலின். நம் கல்லூரிகளில் மாணவர் பெரும்பாலும் பார்ப்பது 30 மில்லி குப்பி. அதிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கிறார். குப்பியின் மேல் அதே மருந்து லிக்னோகெயின் என்று எழுதியிருக்கும். அட்ரினலின் அளவு பெரும்பாலும் எண்பதாயிரத்துக்கு ஒரு பங்கு. வீடியோவில் கேட்ட ‘இத்தனை கார்ட்ரிட்ஜ் வரை பாதுகாப்பு’ என்ற கணக்கு இங்கே அப்படியே செல்லாது. மில்லிகிராமில் கணக்கிடப் பழகிய மாணவருக்கு இது ஒரு பெருக்கல். கார்ட்ரிட்ஜ் எண்ணிக்கையை மனப்பாடம் செய்தவருக்கு இது இருட்டு.

இதனால் அமெரிக்க வீடியோக்களை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘மென்டல் டென்டல்’ சேனலைப் போல, பல் மருத்துவத்துக்கென்றே இவ்வளவு தெளிவாக, இலவசமாகப் பாடம் எடுப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அது அமெரிக்க உரிமத் தேர்வுக்கான தயாரிப்பு. அங்கே பல் மருத்துவக் கல்லூரிக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டப்படிப்பை முடித்துவிட்டு வருகிறார்கள். பள்ளி முடித்த கையோடு வரும் நம் பிள்ளைகளைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக உயிரியல் படித்தவர்கள். அவர்களுக்கு மறுபார்வையாக இருப்பது இவர்களுக்கு முதல் பார்வை. வேகம் பிடிபடாததற்குக் காரணம் அறிவுக்குறைவு அல்ல என்பதை முதலாண்டு வகுப்பில் யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், பல பேருடைய தாழ்வு மனப்பான்மை அன்றே பாதி குறையும்.

ஸ்லைடு பேசும் இடங்கள்

பல் திசுவியலில்தான் இணையம் தன் முழுப் பயனையும் காட்டுகிறது என்பது என் கருத்து. காரணம் எளிது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கிக்கு இரண்டு மூன்று பேர். ஸ்லைடு பழையதாக இருக்கும், சாயம் வெளிறியிருக்கும். பேராசிரியர் குறிமுள்ளை எங்கே வைத்தார் என்று புரிவதற்குள் அடுத்தவர் தோளைத் தட்டுவார். அதன்பின் ஜெராக்ஸ் குறிப்பில் கறுப்பு வெள்ளைப் படம். ஹெமட்டாக்சிலின் ஈயோசின் சாயத்தின் ஊதாவும் இளஞ்சிவப்பும்தான் திசுவியலின் மொழி. அவற்றைக் கறுப்பு வெள்ளையில் படிப்பதில் பொருளே இல்லை.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ‘ஹிஸ்டாலஜி கைடு’, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மெய்நிகர் ஸ்லைடுகள், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ‘புளூ ஹிஸ்டாலஜி’ எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. மெய்நிகர் ஸ்லைடில் நுண்ணோக்கியைப் போலவே விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி உள்ளே போகலாம், நகர்த்தலாம், திரும்ப வரலாம். யாரும் தோளைத் தட்டமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது. சுண்ணம் நீக்கிய ஸ்லைடில் அமிலம் அந்தத் தாதுவைக் கரைத்துவிடுவதால் முதிர்ந்த எனாமல் இருந்த இடம் வெற்றிடமாகத் தெரியும். எனாமலைப் பார்க்க வேண்டுமானால் பல்லைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிய தகடாக்கிய கிரவுண்ட் செக்‌ஷன் வேண்டும். இரண்டு படங்களையும் அருகருகே திறந்து பத்து நிமிடம் பார்த்தவருக்கு இது வாழ்நாளுக்கும் மறக்காது. கிரவுண்ட் செக்‌ஷனில் எனாமல் டஃப்ட் எது, ஸ்பிண்டில் எது என்பது ஸ்பாட்டரில் வழக்கமாக வரும் கண்ணி. முன்னது எனாமல்-டென்டின் சந்திப்பிலிருந்து புல்கற்றை போலக் கிளம்பும், தாது குறைந்த பகுதி. பின்னது எனாமலுக்குள் நீட்டிக்கொண்ட டென்டின் செல்லின் நுனி. கையால் வரைந்து, நிறம் தீட்டி, பெயர் குறித்துப் பழகாமல் இந்த வேறுபாடு கண்ணில் உட்காராது. வீடியோ அதற்கு முன்னால் வரலாம். வரைதலுக்குப் பதிலாக வர முடியாது.

பல்லின் வடிவத்துக்கு முப்பரிமாண மாதிரிகள் ‘ஸ்கெட்ச்ஃபேப்’ போன்ற தளங்களில் நிறையவே உள்ளன. விரலால் சுழற்றிப் பார்க்கலாம். ஆனாலும் பிடுங்கிய பல்லைச் சேகரித்து, கிருமி நீக்கி, டப்பாவில் போட்டு வைத்திருக்கும் மாணவர் ஒரு படி மேலே நிற்கிறார். கொரோனா ஊரடங்கில் வீட்டிலிருந்தே படித்தவர்களில் சோப்புக் கட்டியில் பல் செதுக்கிப் பார்த்தவர்களும் உண்டு. அந்தப் பழக்கம் எந்த வீடியோவையும்விட அவர்களுக்கு உதவியிருக்கும்.

◆ பெட்டி: காசில்லாமல், சட்டப்படி

‘என்.சி.பி.ஐ. புக்‌ஷெல்ஃப்’ – அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இலவச அலமாரி. இதில் உள்ள ‘ஸ்டாட்பேர்ல்ஸ்’ கட்டுரைகள் தலை, கழுத்து நரம்புகளுக்கும் நாளங்களுக்கும் தனித்தனியே உண்டு. எழுதியவர் பெயரும் கடைசியாகத் திருத்திய நாளும் மேலேயே இருக்கும். சாமுவேல் பேரன் தொகுத்த நுண்ணுயிரியல் நூலின் நான்காம் பதிப்பும் இங்கே கிடைக்கிறது. அதன் 99ஆம் இயல் பற்சிதைவையும் ஈறு நோயையும் பற்றியது. எழுதியவர் வால்டர் லோஷி.

‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ – அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல், உடலியங்கியல் பாடநூல். 28 இயல்கள். இறக்கி வைத்துக்கொள்ளலாம். எளிய ஆங்கிலம்; முதலாண்டுத் தொடக்கத்துக்கு ஏற்றது.

இந்தியத் தேசிய மின்னூலகம் – காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்துவது, 2018இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

‘ஆன்கி’ – 2006இல் வந்த நினைவட்டைச் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள் தொகுப்பு – பல்கலைக்கழகத் தளத்திலேயே.

பார்த்தது நினைவில் நிற்குமா?

மேலே கடைசியாகச் சொன்ன வினாத்தாள் தொகுப்புதான் பலர் கடைசியாகத் திறப்பது. முதலில் திறக்க வேண்டியதும் அதுதான்.

நம் பல்கலைக்கழகத் தேர்வு எஸ்ஸே, ஷார்ட் நோட்ஸ் வகை. ‘முக்கிளை நரம்பின் கீழ்த்தாடைப் பிரிவை விவரி’ என்று கேட்டால் தொடக்கம், வழி, கிளைகள், படம், மருத்துவப் பயன் என்று கோர்வையாக எழுத வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களும் செயலிகளும் பெரும்பாலும் கொள்குறி வினாவுக்குத் தயார் செய்கின்றன. நாற்பது நிமிட வீடியோவைப் பார்த்து, எல்லாம் புரிந்துவிட்டது என்ற நிறைவோடு தூங்கப் போகும் மாணவர், மறுநாள் வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்தால் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறார். புரிந்தது உண்மைதான். ஆனால் நினைவிலிருந்து எடுத்துக் கோர்க்கும் பயிற்சி நடக்கவே இல்லை.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பல்கலைக்கழகத் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

ஆன்கி போன்ற செயலிகளின் பலம் இங்கேதான். மறக்கப்போகும் தறுவாயில் கேள்வியைத் திரும்பக் காட்டுவது அவற்றின் வேலை. எந்தத் துளை வழியாக எந்த நரம்பு, எந்தப் பல் எந்த வயதில் முளைக்கும் என்பவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. ஒரே நிபந்தனை: அட்டைகளை மாணவரே எழுத வேண்டும். பிறர் செய்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொண்டு, நிலுவை எண்ணிக்கையைப் பார்த்து மிரண்டு, பத்தாம் நாள் செயலியையே நீக்கிவிடுவது விடுதிகளில் நடப்பதுதான்.

ஒரு நிமிட ரீல்ஸ் குறித்தும் சொல்ல வேண்டும். நிலையான பற்கள் முளைக்கும் வரிசையை ஒரே மூச்சில் சொல்லித்தரும் ரீல்ஸ் ஏராளம். மேல்தாடையில் முதல் முன்கடைவாய்ப்பல் வந்தபிறகுதான் பொதுவாகக் கோரைப்பல் வரும். கீழ்த்தாடையில் கோரைப்பல் முந்திக்கொள்ளும். இரண்டு தாடைக்கும் ஒரே வரிசை என்று ரீல்ஸில் கற்றவர், நான்காம் ஆண்டில் பல் சீரமைப்புப் பிரிவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்து, இல்லாத சிக்கலைக் கண்டுபிடிப்பார்.

டெலிகிராமில் கிடைக்கும் நூலகம்

புதிய பதிப்புப் பாடநூல்களை எல்லாம் காசு கொடுத்து வாங்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை? சௌராசியா, செம்புலிங்கம், சத்யநாராயணா, வீலர், ஆர்பன் என்று முதலாண்டு அடுக்கே தோளை அழுத்தும். டெலிகிராம் குழுவில் பி.டி.எஃப். கேட்கும் பிள்ளையைத் திருடன் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பதிப்புரிமையை மீறுவது சட்டப்படி தவறு; அதை மறைக்க வேண்டியதில்லை. 2016இல் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பதைக் கல்விக்கான விலக்கில் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு முழு நூலையும் குழுவில் பரப்புவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. ஆனால் கல்லூரிகள் பாடத் தொகுப்புகளைச் சட்டப்படி தயாரித்துத் தர அது வழி திறந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஒழுங்கான தொகுப்பு தரும் கல்லூரிகளைத் தேடத்தான் வேண்டும்.

டெலிகிராம் நகல்களில் சட்டத்தைத் தாண்டிய சிக்கலும் இருக்கிறது. எந்தப் பதிப்பு என்றே தெரியாது. நடுவில் பக்கங்கள் இருக்காது. நிறப்படம் மங்கியிருக்கும். மருந்தியலில் பழைய பதிப்பின் மருந்தளவை நம்பிப் படிப்பது விளையாட்டல்ல.

இங்கே தமிழ்நாட்டு மாணவர்கள் அறிந்து பெருமைப்பட ஒன்று உண்டு. உலகெங்கும் படிக்கப்படும் ஆர்பனின் பல் திசுவியல் நூல் முதலில் 1944இல் வந்தது; அதன் அண்மைப் பதிப்புகளைத் தொகுத்தவர் திருச்செங்கோட்டுக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ஜி.எஸ்.குமார். உடலியங்கியலைப் பல் மருத்துவ மாணவருக்கென்றே தனி நூலாக எழுதிய செம்புலிங்கமும் பிரேமா செம்புலிங்கமும் நம் மாநிலத்தவர்கள். இவர்கள் நூல்களின் வரிசைக்கேற்ப இணையப் பாடங்களைப் பொருத்திப் பட்டியலிட்டாலே முதலாண்டின் பாதிச் சிக்கல் தீரும்.

மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கானது. கிடைப்பவை ஆய்விதழ்கள், பாடநூல்கள் அல்ல. தமிழ்நாட்டில் சென்னை, கடலூர் மாவட்டச் சிதம்பரம், புதுக்கோட்டை என அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்றுதான். மாணவர்களில் பெரும்பகுதியினர் தனியார் கல்லூரிகளில். அவர்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

◆ பெட்டி: 1918இன் ‘கிரே’யை 2020களில் படிப்பவர்கள்

ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல் 1858இல் வந்தது. படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். அவர் பிறகு பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். மதுரையின் பெயரால் ‘மதுரா கால்’ என்று அறியப்பட்ட பூஞ்சை நோயை ஆராய்ந்து அதற்கு மைசிட்டோமா என்று பெயரிட்டவரும் இவரே. இரண்டாம் ஆண்டு நுண்ணுயிரியலில் மாணவர்கள் அந்த நோயைப் படிக்கிறார்கள். கிரேயின் 1918ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பு உரிமைக்காலம் முடிந்து இணையத்தில் இலவசமாக இருக்கிறது. படங்கள் இன்றும் அழகு. பெயர்கள் பழையவை: இன்றைய முகத் தமனி அதில் ‘வெளி மேக்ஸிலரி தமனி’. படத்தைப் பாருங்கள், பெயரை இன்றைய நூலிலிருந்து எழுதுங்கள்.

அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள்

2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குள் வருகிறார்கள். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர்கள். செல்லின் ஆற்றல் மையத்தையும் நரம்பு செல் இணைப்பையும் தமிழில் நன்றாகப் புரிந்து வந்தவர்கள், செப்டம்பரிலோ அக்டோபரிலோ வகுப்பில் உட்காரும்போது ஆங்கிலத்தோடு கிரேக்கமும் இலத்தீனும் சேர்ந்து வந்து விழுகின்றன. யூடியூபில் இந்திய உச்சரிப்பில் தேடினால் கிடைப்பவற்றில் கணிசமானவை இந்தி கலந்தவை. அமெரிக்க உச்சரிப்போ முதல் மாதம் காதில் ஏறாது.

இந்தப் பிள்ளைகளுக்குத் தேவையானது எளிமையாக்கிய பாடம் இல்லை. முதல் முறை தமிழில் கருத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் முறை ஆங்கிலப் பாடநூலுக்குப் போகும் ஒரு படிக்கட்டு. தமிழில் உடற்கூறியல் சொல்லித்தர முடியுமா என்று ஐயப்படுபவர்களுக்கு வரலாறு இருக்கிறது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். கிரேயின் உடற்கூறு நூல் 1870களிலேயே அங்கே தமிழுக்கு வந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அச்சு எந்திரக் காலத்தில் முடிந்தது, ஒரு கைப்பேசியும் வெள்ளைப்பலகையும் போதும் இந்தக் காலத்தில் முடியாதா? விளக்கம் தமிழில், கலைச்சொல் ஆங்கிலத்தில் என்று பதினைந்து நிமிட வீடியோக்களை ஒவ்வொரு துறையும் எடுத்துவைத்தால், அடுத்தடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் அது பயன்படும்.

வசதி உள்ள பிள்ளைக்குக் கட்டணச் செயலி, டியூஷன், மருத்துவரான மாமா என்று மூன்று வழி இருக்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இருப்பது ஒரே வழி: சீனியர் அக்கா. அந்த அக்காவுக்கும் அன்று இரவு நைட் டியூட்டியாக இருக்கலாம்.

ஏ.ஐ.யிடம் கேட்டால்?

இப்போது கேள்வி அங்கேதான் முதலில் போகிறது. பதிலும் உடனே வருகிறது, தமிழிலும்கூட. சிக்கலான ஒரு பத்தியை எளிய சொற்களில் விளக்கச் சொல்வதற்கு அது உதவுகிறது. ஆனால் சரியான பதிலையும் தவறான பதிலையும் அது ஒரே உறுதியோடு சொல்லும். மேற்கோள் கேட்டால் இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் ஆண்டும் தந்துவிடும். ஒரு துறையில் ஏற்கெனவே தேர்ந்தவருக்குத்தான் எங்கே தவறு என்று தெரியும். முதலாண்டு மாணவருக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை.

அதனால் அதைப் பதில் சொல்பவராக வைப்பதைவிட, கேள்வி கேட்பவராக வைப்பது நல்லது. பாடநூலின் இரண்டு பக்கத்தைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வு (வைவா) நடத்துபவரைப் போல இதிலிருந்து மட்டும் ஒவ்வொன்றாகக் கேள் என்று சொல்லலாம். பதிலைச் சரிபார்க்கப் புத்தகம் கையில் இருக்கும். வெளித்தேர்வாளரின் முன் வாய் உலர்ந்து நிற்கும் கூச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

மூன்றாம் ஆண்டில் தெரியும் விடை

முதலாண்டுப் பாடத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? மூன்றாம் ஆண்டில் மாணவர் முதன்முதலாக ஊசியோடு ஒரு மனிதரின் வாய்க்கு முன் நிற்கும் கணத்துக்காக.

கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டுமானால் கீழ்த்தாடை நரம்பை மரத்துப்போகச் செய்ய வேண்டும். நரம்பு கண்ணுக்குத் தெரியாது. விரலால் தாடையெலும்பின் முன்விளிம்புப் பள்ளத்தைத் தடவி உணர்ந்து, எதிர்ப்பக்க முன்கடைவாய்ப்பற்களின் மேலிருந்து சிரிஞ்சை நீட்டி, 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை ஊசி உள்ளே போனதும் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டால் கொஞ்சம் பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, மெல்லச் செலுத்த வேண்டும். எலும்பே தட்டுப்படவில்லை என்றால் ஊசி பின்னால் போய்விட்டது என்று பொருள். அங்கே இருப்பது பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பி, அதற்குள் முகநரம்பு. அங்கே மருந்தைச் செலுத்தினால் பல் மரக்காது. பல்வலிக்கு வந்தவரின் ஒரு பக்க முகம் தொங்கி, இமை மூடாமல், அவர் பல மணி நேரம் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

ஊசி குத்தும் வீடியோக்கள் ஆயிரம் உண்டு. அவற்றில் சிரிஞ்சின் கோணம் தெரியும். எலும்பு தட்டுப்படாதபோது ஏன் நிறுத்த வேண்டும் என்பது, முதலாண்டில் தாடையெலும்பைக் கையில் வைத்து, உட்பக்கத் துளையையும் அதன்மேல் நிற்கும் சிறு எலும்பு நாக்கையும் விரலால் தொட்டு, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று படித்தவருக்கு மட்டுமே தெரியும். சீனியரிடம் வாங்கிய எலும்புத் தொகுப்பு (போன் செட்) பரணில் கிடக்க, முழு அனாட்டமியையும் திரையில் முடித்தவர் அந்த இடத்தில் தடுமாறுவார். நல்ல இணையப் பாடம் எது என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான்: அது மாணவரை மறுபடி எலும்பிடமும் பல்லிடமும் ஸ்லைடிடமும் அனுப்புகிறதா, அல்லது அடுத்த வீடியோவுக்கு அனுப்புகிறதா?

கல்லூரிகள் செய்ய வேண்டியது

கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாத வேலை இது. ஒவ்வொரு அடிப்படைப் பாடத் துறையிலும் ஒரு விரிவுரையாளர், ஒரு நூலகர், கடந்த ஆண்டு தேறிய இரண்டு மாணவர்கள். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே பாடநூலின் பக்கம், ஒரே ஒரு வீடியோ, ஒரு மெய்நிகர் ஸ்லைடு, பழைய வினா. எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பார்க்க வேண்டும், எங்கே பல் எண் மாறும், எங்கே மருந்தளவு நமக்குப் பொருந்தாது என்று ஓரக்குறிப்பு. செத்துப்போன லிங்கை மாற்ற ஆண்டுக்கு ஒரு முறை திருத்தம். வகுப்பில் ஸ்பாட்டர் வைக்கும்போது அந்தப் பட்டியலிலிருந்தே இரண்டு படம்.

தனித்தனிக் கல்லூரிகள் தொடங்குவதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். மாநிலத்தின் பல் மருத்துவக் கல்லூரிகளில் பலவற்றுக்குத் தேர்வு நடத்தும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமே வினாத்தாள் தொகுப்பின் பக்கத்தில் இந்தப் பட்டியலையும் வைக்கலாம். மூன்று அரசுக் கல்லூரிகளின் துறைகள் பாடங்களைப் பிரித்துக்கொண்டு தமிழ் விளக்க வீடியோக்களைத் தொடங்கலாம். தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் அது திறந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே வெளியேறும் தேர்வைக் கொண்டுவரச் சொல்கிறது. அது நடைமுறைக்கு வரும் ஆண்டில் எழுதப்போகிறவர்கள் இப்போது ஏதோ ஒரு கல்லூரியின் முதலாண்டில் இருக்கலாம். அவர்களுக்கான பட்டியலின் முதல் பக்கம், அடுத்த ஸ்பாட்டருக்கு முன்பாவது அவர்கள் கைக்கு வர வேண்டும்.